கடுகண்ணாவை முதல் கொஸ்லந்தை வரை: மலைவீதி சொல்லும் வரலாறு

இலங்கையின் மலைநாட்டு வீதிகளைப் பற்றி எழுதியோரில் பெரும்பாலானோர், அவ்வீதிகளின் இரு மருங்கிலும் உள்ள அழகைப் பற்றியே எழுதியுள்ளனர். நீர்வீழ்ச்சிகளும், பச்சைப் பாய் விரித்தாற் போன்ற தேயிலைச் சரிவுகளும், காலைப் பனிமூட்டமும் அவர்களின் எழுத்தில் நிறைந்து கிடக்கின்றன. ஆனால், வீதியைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. ஒரு வீதி ஏன் அந்த இடத்தில் வளைகின்றது, யாருடைய தேவைக்காக அது வெட்டப்பட்டது, யார் அதை வெட்டினார்கள், வெட்டியவர்கள் பின்னர் என்னவானார்கள் என்னும் கேள்விகளை எழுப்பினால், அழகிய காட்சிகளுக்குப் பின்னால் இரு நூற்றாண்டு கால வரலாறு ஒன்று மறைந்திருப்பது தெரியவரும்.

பத்திரிகைப் பணியின் நிமித்தம் நான் பல தடவைகள் மலையகம் சென்று வந்திருக்கின்றேன். தேர்தல்கள், வேலைநிறுத்தங்கள், மண்சரிவுகள் எனக் காரணங்கள் பல. அப்பயணங்கள் யாவும் பேருந்திலோ புகையிரதத்திலோ அலுவலக வாகனத்திலோ அமைந்தவை. இருக்கையில் அமர்ந்து சன்னல் வழியே வெளியே பார்ப்பவனுக்கு வீதி தென்படுவதில்லை. உந்துருளியில் செல்பவனுக்கோ வீதியைத் தவிர வேறெதையும் பார்க்க இயலாது. ஏற்றத்தின் அளவைக் கியரும், வளைவின் கூர்மையை உடலின் சாய்வும், தரையின் தன்மையைக் கைகளும் அவனுக்கு உணர்த்திக்கொண்டே இருக்கும். மலைவீதிகளின் வரலாற்றை நூல்களில் ஓரளவு படித்த பின்னர், அவற்றை அவ்வாறு ஒரு தடவை உணர்ந்து பார்க்க வேண்டுமென்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. 2017 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது கைகூடியது.

கேகாலையில் விடியற்காலை புறப்பட்டு, கடுகண்ணாவைக் கணவாய் ஏறி, பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவை அடைந்து, வெலிமடை, ஹப்புத்தளை, பெரகலை ஊடாக இருட்டுவதற்கு முன்னர் கொஸ்லந்தை சேர்வது எமது திட்டம். ஏறத்தாழ 180 கிலோமீற்றர். சமதரையில் இது நான்கு மணி நேரப் பயணம். மலையில் ஒரு முழுப் பகல் தேவைப்பட்டது. வாகனம், இரவல் வாங்கிய பழைய ஹொண்டா 125. துணைக்கு வந்தவர் புசல்லாவையைச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியர். அவ்வீதியின் ஒவ்வொரு முடக்கும் அவருக்கு மனப்பாடம்.

பாதையின்மையே அரண்

மலைவீதியின் வரலாற்றைத் தொடங்குவதாயின், வீதியே இல்லாத காலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கண்டி இராச்சியம் மூன்று ஐரோப்பிய வல்லரசுகளை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தாக்குப்பிடித்து நின்றமைக்கு, அதன் படைபலம் மாத்திரம் காரணமன்று. வண்டி செல்லக்கூடிய பாதை எதுவும் அங்கு இருக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக மாத்திரம் நடந்து செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதைகளும், அவற்றின் குறுகிய இடங்களில் காவலுடன் கூடிய முட்கதவுகளும் இருந்தன. கண்டியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிய றொபேர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில் இந்த முட்கதவுகளை விவரித்துள்ளார். போர்த்துக்கேயர் 1594 இல் தந்துறையில் அழிந்ததும், பிரித்தானியரின் முதலாவது படையெடுப்பு 1803 இல் பேரழிவில் முடிந்ததும் இந்த நில அமைப்பினால்தான். கடுகண்ணாவைக்கு அண்மையிலுள்ள பலனைக் கோட்டை, மேற்கிலிருந்து வருவோரைத் தடுக்கும் வாயிலாக விளங்கியது.

1815 இல் கண்டி வீழ்ந்தது. அது போரினால் அன்றி, பிரதானிகளின் பிளவினால் நேர்ந்தது என்பதை வாசகர்கள் அறிவர். ஆனால், 1817 இல் ஊவாவில் வெடித்த பெருங்கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் ஓராண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. கிராமங்கள் எரிக்கப்பட்டன. பயிர்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். இக்கிளர்ச்சியிலிருந்து ஆட்சியாளர்கள் கற்ற பாடம் ஒன்றே. படையும் பீரங்கியும் விரைந்து செல்ல வீதி இல்லாத நாட்டைப் பிடிக்கலாம், ஆள முடியாது என்பதே அது. இலங்கையின் நவீன வீதிகளின் தொடக்கம் அந்தப் பாடத்தில்தான் இருக்கின்றது.

டோசனின் கோபுரம்

மாவனெல்லைக்கு அண்மையில் உதுவன்கந்தைக் குன்று எழுந்து நிற்கும். 1864 இல் தூக்கிலிடப்பட்ட சரதியல், இவ்வீதியில் சென்ற வண்டிகளைக் கொள்ளையிட்டு அக்குன்றில் மறைந்து வாழ்ந்தவன். அதன் பின் ஏற்றம் தொடங்குகின்றது. காலை ஆறு மணிக்கே பாரவூர்திகள் வரிசையாக ஊர்ந்தன. அவற்றின் புகைக்குள் இரண்டாம் கியரில் ஏறும்போது ஒரு விடயம் புலப்பட்டது. இவ்வீதியின் ஏற்றம் எங்கும் திடீரென மாறுவதில்லை. மலை செங்குத்தாக நிற்கும் இடத்தில் வீதி நீண்டு வளைந்து, அதே சாய்வைப் பேணிக்கொள்கின்றது. இதன் காரணம் எளிது. இந்த வீதி இயந்திரத்துக்காக அமைக்கப்பட்டதன்று. பீரங்கியை இழுக்கும் குதிரைக்கும், பொதி வண்டியை இழுக்கும் மாட்டுக்கும் எவ்வளவு சாய்வு தாங்குமோ, அந்த அளவில் மலையின் இடுப்பைச் சுற்றி வரையப்பட்ட கோடு இது. இன்று நாம் எண்ணிக்கொண்டு ஏறும் வளைவுகள் யாவும் அந்த மாடுகளின் மூச்சைக் கணக்கிட்டு அமைந்தவை.

கணவாயில் வீதி ஒரு பெரும் பாறையைத் துளைத்துச் செல்லும் இடம் உண்டு. இப்போது வாகனங்கள் பெரும்பாலும் பாறையின் பக்கவாட்டால் செல்கின்றன. நாம் உந்துருளியைத் துவாரத்தின் ஊடாகவே செலுத்தினோம். மலையைத் துளைத்துக்கொண்டு வருபவனே கண்டியை வெல்வான் என்றொரு பழைய நம்பிக்கை இருந்ததாகவும், அதைப் பொய்யாக்காமல் இருப்பதற்காகவே ஆங்கிலேயர் பாறையைச் சுற்றிச் செல்லாமல் துளைத்தனர் என்றும் மக்கள் சொல்வதுண்டு. ஆனால் கண்டி வீழ்ந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே பாறை துளைக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சற்று மேலே, கணவாயின் உச்சியில், வெள்ளைநிறக் கோபுரம் ஒன்று நிற்கின்றது. கொழும்பு - கண்டி வீதியைத் திட்டமிட்ட கப்டன் டோசனின் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்ட கோபுரம் அது. அரச பொறியியற் படையைச் சேர்ந்த டோசன் 1829 இல் இறந்தார். அவரது அறிவியலும் திறமையும் இவ்வீதியைத் திட்டமிட்டு நிறைவேற்றியதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது.

டோசனின் திறமையில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆனால் ஒரு மனிதன் தனது அறிவியலால் பாறையை உடைப்பதில்லை. 1820 இல் வேலை தொடங்கியபோது, தேசாதிபதி சேர் எட்வேர்ட் பார்ன்ஸ், கண்டி மன்னர் காலத்து இராஜகாரிய முறையைத் தமக்குப் பயன்படுத்திக்கொண்டார். நிலத்துக்குப் பகரமாக மன்னனுக்குச் செய்யவேண்டிய சேவை, வீதி வெட்டும் கட்டாய உழைப்பாக மாற்றப்பட்டது. இவ்வேலையில் ஒரு பகுதியைப் பொறுப்பேற்ற தோமஸ் ஸ்கின்னருக்கு அப்போது வயது பதினாறு. பொறியியல் எதுவும் கற்றவர் அல்லர். அவருக்குக் கீழ் விடப்பட்டவர்களோ அத்தகைய கருவிகளைக் கையாண்டறியாத கண்டிக் கிராமத்தவர்கள். பின்னர் இலங்கையின் வீதிகளை அமைத்தவர் எனப் புகழ்பெற்று, 1867 வரை சேவையாற்றிய ஸ்கின்னர், தமது வாழ்க்கை வரலாற்றையும் எழுதிச் சென்றார். அவர் இறந்த பின்னர் 1891 இல் அது நூலாக வந்தது. ஆகவே அவரைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். அவருக்குக் கீழ் கல் உடைத்தவர்களில் ஒருவரது பெயரையேனும் மலைநாட்டில் நான் எந்தக் கல்வெட்டிலும் கண்டதில்லை.

கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது எனப் பெருமையோடு கூறப்படும் சேவை அது. கட்டாய உழைப்புச் சட்டத்தில் ஒழிந்தபோதும், வீதிவேலை ஒழியவில்லை. பயனியர் படை என்னும் பெயரில் அமைந்த வேலைப்படைகளில் தென்னிந்தியத் தமிழரும், ஆபிரிக்க வம்சாவளியினரான காப்பிரிகளும் சேர்க்கப்பட்டனர். தேயிலைக்கு முன்னரே, தமிழ்த் தொழிலாளர் மலைநாட்டின் வீதிகளில் கல் சுமந்தனர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

1848 இல் கட்டாய உழைப்பு வேறொரு வடிவில் திரும்பி வந்தது. 18 முதல் 55 வயது வரையிலான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதிவேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் வரி செலுத்த வேண்டும் எனத் தேசாதிபதி டொறிங்டனின் ஆட்சி சட்டம் இயற்றியது. பௌத்த பிக்குகள்கூட அதற்கு விலக்கல்லர் என்றபோது மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு முக்கிய காரணமாகும். கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு 1848 ஓகஸ்ட் 8 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இறம்பொடை ஏற்றம்

பேராதனையில் கண்டி வீதியை விட்டு விலகி, ஏ5 வீதியில் கம்பளை நோக்கித் திரும்பினோம். இந்த ஏ5 வீதி நுவரெலியா, வெலிமடை, பதுளை ஊடாக மலையைக் கடந்து, மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடியில் முடிவடைகின்றது. மலைநாட்டையும் கீழ்மாகாணத் தமிழர் பிரதேசத்தையும் இணைக்கும் வீதி இது என்பது குறிப்பிடத்தக்கது.

கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியவில்தான் 1820களின் நடுப்பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் முதலாவது பெரிய கோப்பித் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் கோப்பிதான் வீதியின் நோக்கத்தை மாற்றியது. அதுவரை படை செல்ல அமைந்த வீதி, இனி மூட்டை செல்லும் வீதியாயிற்று. 1840களில் கோப்பிப் பித்து தலைக்கேறியபோது, கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளில் கொழும்புக்கு இறங்கின. தோட்டத்துக்கான அரிசி அதே வண்டிகளில் மேலே ஏறியது. அரிசியை உண்ணும் மனிதர்களோ நடந்து வந்தார்கள். இராமேசுவரப் பக்கமிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். வாந்திபேதியாலும், காய்ச்சலாலும், பசியாலும் வழியிலே வீழ்ந்தவர்களின் தொகை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வீழ்ந்தார்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

புசல்லாவையில் காலை உணவு. ரொட்டியும் சம்பலும் ஒரு பிளேன்ரீயும். அங்கிருந்து புறப்பட்டபோது நண்பர், "ஐயா, இதுவரைக்கும் வந்தது ரோடு. இனிமேதான் மலை" என்றார்.

அவர் சொன்னது உண்மை. இறம்பொடையிலிருந்து வீதி கொத்மலைப் பள்ளத்தாக்கை வலப்புறம் கீழே விட்டுவிட்டு, மலைமுகத்தில் இங்குமங்குமாக மடிந்து ஏறுகின்றது. இப்போது அங்கு ஒரு சுரங்கவழியும் உண்டு. ஆயினும் கொண்டையூசி வளைவுகளின் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை. இத்தகைய வளைவுகளில் உந்துருளிக்காரன் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே. கண் போகுமிடத்துக்கே சில்லும் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போவோம். வளைவு முடியும் இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, வேகத்தை முன்கூட்டியே குறைத்து, சீராகச் செலுத்த வேண்டும். வளைவின் நடுவே பிரேக்கை அழுத்தலாகாது. எதிரே நீண்ட பேருந்து வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, ஓரத்தில் ஒதுங்கி நின்று அதற்கு வழிவிடுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை. இரண்டாம் கியரிலிருந்து முதலாம் கியர், மீண்டும் இரண்டாம் கியர் என ஒரு மணி நேரம் கழிந்தபோது, இடது கை கிளச்சைப் பிடித்துப் பிடித்து மரத்துப் போயிற்று.

இக்கணவாயைப் பற்றிய புகழ்பெற்ற கதையொன்று உண்டு. பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று பெயர்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848 இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்கும் நோக்குடன் ஆட்களையும் கால்நடைகளையும் கருவிகளையும் கொண்டுவந்தார். அவரது குதிரைக்காரர் பேர்க்ஸ் மதுப்பிரியர். குதிரைவண்டியை அவர் இக்கணவாயில் பள்ளத்தில் உருட்டிவிட்டார். அதன் பின் உதவிக்கு அனுப்பப்பட்ட யானையை இதே ஏற்றத்தில் விரட்டியோட்டி, அதையும் சாகடித்துவிட்டார். 1855 இல் வெளியான தமது நூலில் பேக்கர் இச்சம்பவங்களை நகைச்சுவையோடு வர்ணித்துள்ளார். வண்டியை உருட்டிய குதிரைக்காரரின் பெயர் இவ்வாறு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அந்த வண்டி உருண்ட வீதியை மலைமுகத்தில் வெட்டியவர்களின் பெயர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

பள்ளம் மாத்திரம் அப்படியே இருக்கின்றது. நாம் சென்று எட்டு ஆண்டுகளின் பின்னர், 2025 மே மாதத்தில், இதே வீதியில் இறம்பொடை கெரண்டி எல்லைப் பகுதியில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாட்டுவண்டியின் வேகத்துக்கு அளந்த வளைவுகளில் இன்றைய பேருந்துகள் ஓடுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு வளைவில் நண்பர் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். வீதியின் கீழ்ப்புறத்தைத் தாங்கி நின்ற கற்சுவர் ஒன்றைக் காட்டினார். கறுத்துப் பாசிபடிந்த கற்கள், ஒன்றோடொன்று பொருந்தி ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன.

"இது எங்க தாத்தா இருந்த ரோட்டு கேங் கட்டுனதுன்னு அப்பா சொல்லுவாரு. நாப்பத்தேழு வெள்ளத்துக்கு அப்புறமாம்" என்றார்.

"தாத்தா இப்ப எங்கே, தம்பி?"

"அவரு கடதாசி கெடச்சு கூடலூருக்குப் போயிட்டாரு. அங்கதான் செத்தாரு."

'கடதாசி' என அவர் குறிப்பிட்டது இந்தியக் கடவுச்சீட்டை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் 1974 இல் தீர்மானிக்கப்பட்டது. அந்த மக்களின் விருப்பம் எக்கட்டத்திலும் கேட்கப்படவில்லை. அவ்வாறு போனவர்களில் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். ஒரு மலைவீதியைத் தாங்கும் சுவரைக் கட்டிய மனிதர், அதே வீதியால் இறக்கப்பட்டு, இன்னொரு நாட்டின் மலைவீதியில் ஏற்றப்பட்டார் என்பதே இதன் பொருள்.

ஊவாவின் பக்கம்

லபுக்கலையைக் கடந்ததும் பனிமூட்டம் இறங்கியது. முன்னால் பத்து அடிக்கு மேல் தெரியவில்லை. நண்பர் ஓட்டுவதற்கு முன்வந்தார். நான் பின்னால் அமர்ந்தேன். நடுப்பகலில் நுவரெலியா. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். 1820களின் இறுதியில் பார்ன்ஸ் இங்கு நோயுற்ற படையினருக்கு ஆரோக்கிய நிலையம் ஒன்றை அமைத்தார். அவ்வாறு தொடங்கிய நகரம், பின்னர் துரைமார்களின் கோடை வாசஸ்தலமாயிற்று.

இவ்விடத்தில் ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். பொது வீதி எல்லோருக்கும் உரியது எனச் சட்டம் கூறியது. ஆனால், அதிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் செல்லும் பாதை கம்பனிக்குச் சொந்தமானது. வெளியார் உள்ளே சென்றால் அத்துமீறல். 1920களில் தோட்டங்களின் நிலையை அறிய விரும்பிய பத்திரிகையாளரும் தொழிற்சங்கவாதியுமான கோ. நடேசையர், புடவை வியாபாரியாக வேடமிட்டே உள்ளே சென்றார். 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்திய அவர் சேகரித்த செய்திகள் அவ்வாறு கிடைத்தவையே. வீதியை அமைத்தவர்களின் பிள்ளைகள் அந்த வீதிக்கு வருவதற்குக்கூடத் துரையின் அனுமதியை எதிர்பார்த்திருந்த காலம் அது. நமது பத்திரிகைத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான நடேசையரை, மலைவீதியில் செல்லும் ஒவ்வொரு பத்திரிகையாளனும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஹக்கலையைத் தாண்டியதும் காலநிலை மாறிற்று. மேற்குச் சரிவின் ஈரம் மறைந்து, வெயிலும் வறண்ட காற்றும் எதிர்கொண்டன. மத்திய மலைத்தொடர் தென்மேல் பருவமழையைத் தடுத்துவிடுவதால், ஆண்டின் நடுப்பகுதியில் ஊவாவில் உலர்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலையின் தனிச்சுவைக்கு அக்காற்றே காரணம் என்பர். வெலிமடைக்கான இறக்கம் மரக்கறித் தோட்டங்களின் ஊடாகச் செல்கின்றது. வீதியில் சிந்திய சேற்று மண் வெயிலில் காய்ந்து தூளாகி, வளைவுகளில் சில்லை வழுக்கச் செய்தது. 1818 இல் எரிக்கப்பட்ட ஊவா இதுதான். அந்த நெருப்பின் பின்னரே வீதி வந்தது என்பதை, அமைதியான அந்த வயல்களைப் பார்க்கும்போது நம்புவது கடினம்.

பெரகலை இறக்கம்

மாலை மூன்றரை மணிக்கு ஹப்புத்தளை. மலைமுதுகின் மீது அமர்ந்திருக்கும் இந்நகரின் இரு பக்கமும் சரிவு. 1893 இல் புகையிரதம் இங்கு வந்து சேரும்வரை, இப்பிரதேசத்தின் விளைபொருள் யாவும் வீதியாலேயே சென்றன. இதற்கிடையில் ஒரு பயிர் அழிந்து இன்னொரு பயிர் வந்திருந்தது. 1869 இல் முதலில் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. துரைமாரில் பலர் கடனாளிகளாகித் தோட்டங்களை விட்டுச் சென்றனர். வீதி அப்படியே இருந்தது. அதில் வேலை செய்தவர்களும் அப்படியே இருந்தனர்.

ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கும், அங்கிருந்து கொஸ்லந்தைக்கும் இறங்கும் பகுதி, அன்றைய பயணத்திலேயே மிகக் கடினமானது. ஏறும்போது இயந்திரம் களைக்கும். இறங்கும்போது பிரேக் களைக்கும். பழைய உந்துருளிகளின் டிரம் பிரேக் தொடர்ந்து அழுத்தப்பட்டால் சூடேறி, பிடிப்பை இழந்துவிடும். நான்கைந்து வளைவுகளுக்குள் பின் பிரேக்கிலிருந்து கருகல் நாற்றம் வந்தது.

"ஐயா, பிரேக்கை நம்ப வேணாம். ரெண்டாம் கியர்லயே விடுங்க. எஞ்சினே புடிச்சுக்கும்" என்றார் நண்பர். லொறிச் சாரதிகளும் இதைத்தான் செய்கின்றனர். இயந்திரம் உறும, வண்டி தன் எடையைத் தானே தடுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கியது. இடையில் ஓர் ஓடைக்கரையில் நிறுத்தி, பிரேக் ஆறும்வரை காத்திருந்தோம். அங்கு வீதியின் கீழே கல்லால் கட்டிய மதகு ஒன்று இருந்தது. மலைவீதியின் உயிர் இத்தகைய மதகுகளில்தான் இருக்கின்றது. மேற்சரிவிலிருந்து வரும் மழைநீரை உட்புற வடிகால் ஏந்தி மதகுக்குக் கொடுக்கும். மதகு அதை வீதிக்கு அடியால் கீழே அனுப்பும். மதகு அடைபட்டால் நீர் மண்ணுக்குள் இறங்கும். மண் கனக்கும். பின்னர் மலையே நகரும்.

மலை நகர்ந்த இடத்துக்குத்தான் நாம் போய்க்கொண்டிருந்தோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு இறங்கி, லயன் குடியிருப்புகளை மூடிவிட்டது. அவ்விடம் ஆபத்தானது என்பது பல ஆண்டுகளுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. மாற்று நிலம் இல்லாதவர்களால் எங்கே போக முடியும்? மண்ணுக்குள் புதைந்தவர்களில் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. இரண்டரை ஆண்டுகளின் பின்னர் நாம் சென்றபோது, மீட்சி பெற்றோர் வேறோரிடத்தில் வீடுகள் பெற்றிருந்தனர். சரிவு நிகழ்ந்த இடத்தில் புல்லும் பற்றையும் வளர்ந்து, மற்றைய மலைச்சரிவுகளைப் போலவே தோன்றிற்று. அறியாத ஒருவர் அவ்வழியே சென்றால் அழகிய காட்சி என்றே சொல்வார். மாலை ஐந்தரை மணியளவில் அங்கு நின்றபோது நண்பர் எதுவும் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழை, மலைநாடு முழுவதிலும் இக்கதையை மீண்டும் நிகழ்த்தியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். வீதிகள் பல இடங்களில் அறுந்தன. வீதிகள் அறுந்தபோதுதான், அவை மலையோடு எவ்வளவு பலவீனமாகப் பிணைக்கப்பட்டுள்ளன என்பதை நாடு உணர்ந்தது. அந்தப் பிணைப்பைச் சுவராலும் மதகாலும் நாள்தோறும் பேணிவந்தவர்கள் யார் என்பதை அப்போதும் எவரும் கேட்கவில்லை.

பெயரில்லாதவர்களின் பெயர்

டோசனுக்குக் கோபுரம் உண்டு. ஸ்கின்னருக்கு நூல் உண்டு. பேக்கரின் குதிரைக்காரருக்குக்கூட ஓர் அத்தியாயத்தில் இடம் உண்டு. அக்கோபுரத்தை இடிக்க வேண்டுமென நான் கூறவில்லை. அதற்கு அருகில் இன்னொரு கல் நடப்பட வேண்டும் என்றே கூறுகின்றேன். இராஜகாரியத்தில் இழுத்துவரப்பட்ட சிங்களக் கிராமத்தவர், பயனியர் படையின் தமிழர், காப்பிரிகள், பின்னர் ரோட்டு லயங்களில் வாழ்ந்து மடிந்தவர்கள் ஆகிய எல்லோருக்கும் உரிய கல்லாக அது அமைய வேண்டும். இவ்வரலாற்றில் இன பேதம் பார்க்க இடமில்லை. பாறை எல்லோருடைய கையையும் ஒரே மாதிரியே கிழித்தது.

2023 ஜூலை இறுதியில், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவடைந்ததையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி புறப்பட்டது. முன்னோர் நடந்த அதே திசையில், பதினைந்து நாட்களுக்கு மேல் நடந்து, ஓகஸ்ட் 12 ஆம் திகதி அது மாத்தளையில் நிறைவுற்றது. வடக்கைச் சேர்ந்தவர்களும், சிங்கள, முஸ்லிம் நண்பர்களும் அதில் இணைந்துகொண்டனர். ஒரு பாதையை அதன் மக்கள் நினைவிலிருந்து மீட்டெடுத்த நிகழ்ச்சியாகவே அதை நான் கருதுகின்றேன். நடந்துவந்த பாதை அவ்வாறு நினைவுகூரப்பட்டுவிட்டது. அவர்கள் வெட்டிய வீதிகள் இன்னும் நினைவுகூரப்படவில்லை.

ஆவணங்களில் இல்லாதது குடும்பங்களின் நினைவில் இருக்கலாம். ஆனால் அந்த நினைவும் நெடுநாள் நிற்காது. ரோட்டு கேங்கில் வேலை செய்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்களின் பிள்ளைகள் இன்று புசல்லாவையிலும், கூடலூரிலும், கிளிநொச்சியிலும், கொழும்பிலும், கடல் கடந்த நாடுகளிலும் சிதறிக் கிடக்கின்றனர். இதை வாசிப்போரில் எவரேனும் அக்குடும்பங்களைச் சேர்ந்தவராக இருப்பின், பாட்டனாரின் பெயரையும், எந்த வளைவில் எந்தச் சுவரை அவர் கட்டினார் என்று வீட்டில் சொல்லக் கேட்டதையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டுகின்றேன். திகதி சரியாகத் தெரியாவிட்டாலும் எழுதுங்கள். விடுமுறைக்கு நுவரெலியா செல்லும் ஏனையோர், இறம்பொடையில் நீர்வீழ்ச்சியைப் படம் பிடித்த பின்னர், வீதியின் ஓரமாகக் குனிந்து கீழேயுள்ள கற்சுவரையும் ஒரு கணம் பாருங்கள். உங்கள் வாகனம் நிற்பது அதன் மேல்தான்.